இருபது மணி நேரக் கிருமி

காசநோய்க் கிருமி ஒன்று இரண்டாகப் பிரிய 18 முதல் 24 மணி நேரம் பிடிக்கும். நம் குடலில் வாழும் ஈ.கோலை பாக்டீரியா இதே வேலையை 20 நிமிடத்தில் முடித்துவிடும். மருத்துவம் காசநோயிடம் பட்ட பாடெல்லாம் இந்த ஒரு வித்தியாசத்திலிருந்துதான் தொடங்குகிறது.

சளியை வளர்ப்பு ஊடகத்தில் இட்டுக் கிருமி வளர்கிறதா என்று பார்ப்பது மிகவும் நம்பகமான சோதனை. முட்டையும் மாலகைட் பச்சையும் கலந்து, கண்ணாடிக் குழாயில் சாய்வாக உறையவைத்த லோவன்ஸ்டைன்-ஜென்சன் ஊடகத்தில் அந்தக் கிருமித் திட்டுகள் கண்ணுக்குத் தெரிய 3 முதல் 8 வாரம் ஆகும். திரவ ஊடகமும் தானியங்கிக் கருவியும் வந்த பிறகு சில மாதிரிகளில் இரண்டு வாரத்திலேயே விடை கிடைக்கிறது. ஆனால் ‘கிருமி இல்லை’ என்று உறுதியாகச் சொல்ல அங்கேயும் 42 நாள் காத்திருக்க வேண்டும். அத்தனை நாளும் நோயாளி இருமிக்கொண்டிருப்பார், அதே அறையில் குழந்தைகள் தூங்குவார்கள்.

சிகிச்சையிலும் இதே கதைதான். பெரும்பாலான மருந்துகள் வளர்கிற கிருமியையே நன்றாகத் தாக்கும். மெதுவாக வளர்வதும் ஏறக்குறைய உறங்கிக் கிடப்பதும் தப்பிவிடும். கடைசிக் கிருமிவரை ஒழிக்க 6 மாதம் மாத்திரை விழுங்க வேண்டியிருப்பது அதனால்தான். இரண்டாவது மாதமே காய்ச்சல் நின்று, எடை கூடி, வேலைக்குப் போகத் தொடங்கிய ஒருவரிடம் இன்னும் நான்கு மாதம் மாத்திரை போடச் சொல்வது எவ்வளவு கடினம் என்பது காசநோய்ப் பிரிவில் வேலை செய்யும் ஒவ்வொருவருக்கும் தெரியும்.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2023-ஆம் ஆண்டில் 1 கோடியே 8 லட்சம் பேருக்குக் காசநோய் வந்தது, 12.5 லட்சம் பேர் இறந்தார்கள். நோய் கண்டவர்களில் 26 சதவீதம் பேர் இந்தியாவில் இருப்பவர்கள். இந்த அளவு துயரம் இருக்கும் இடத்தில் எந்தப் புதுத் தொழில்நுட்பத்தையும் அதன் பளபளப்பை வைத்து மதிப்பிட எனக்கு மனம் வருவதில்லை. நோயைக் கண்டுபிடிப்பதில் எத்தனை வாரத்தைக் குறைக்கிறது, சிகிச்சையில் எத்தனை மாத்திரையைக் குறைக்கிறது என்ற இரண்டு கேள்விகளைத்தான் இந்த அத்தியாயத்தில் நானோ தொழில்நுட்பத்திடம் கேட்கப்போகிறோம்.

முதலில் பழைய முறையைக் கிட்டத்தில் போய்ப் பார்த்துவிடலாம். ராபர்ட் காக் 1882 மார்ச் 24 அன்று பெர்லினில் இந்தக் கிருமியை அறிவித்தார். அதே பத்தாண்டில் உருவான சீல்-நீல்சன் சாய முறை இன்றும் நம் ஆரம்ப சுகாதார நிலையங்களில் புழக்கத்தில் இருக்கிறது. சளியைக் கண்ணாடிச் சில்லில் மெல்லிதாகத் தடவி, காயவைத்து, கார்பால் ஃபியூக்சின் என்ற சிவப்புச் சாயத்தை ஊற்றி, ஆவி எழும்வரை அடியில் சூடு காட்டுவார்கள். பிறகு அமிலம் விட்டுக் கழுவுவார்கள். மற்ற எல்லாம் சாயத்தை இழந்துவிடும். காசநோய்க் கிருமியின் மெழுகு போன்ற தோல் மட்டும் விடாது. கடைசியில் மெத்திலீன் நீலம். நுண்ணோக்கியில் எண்ணெய்த் துளி வைத்துப் பார்த்தால், நீலப் பின்னணியில் மெல்லிய சிவப்புக் குச்சிகள், சில இடங்களில் இரண்டு மூன்று ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்தபடி. ‘இல்லை’ என்று எழுதுவதற்கு முன் லேப் டெக்னீஷியன் குறைந்தது நூறு காட்சிப்புலங்களையாவது பார்த்தாக வேண்டும்.

மலிவான, அருமையான முறை. ஆனால் ஒரு மில்லி லிட்டர் சளியில் 5,000 முதல் 10,000 கிருமிகளாவது இருந்தால்தான் கண்ணில் படும். குழந்தைகளுக்குச் சளியைத் துப்பத் தெரியாது, துப்பினாலும் கிருமி குறைவு. எச்.ஐ.வி. உள்ளவர்களின் சளியிலும் பல சமயம் குறைவாகவே இருக்கும். நிணநீர்க் கட்டியிலோ முதுகெலும்பிலோ மூளையுறையிலோ நோய் என்றால் சளியைப் பார்த்துப் பயனே இல்லை. நுண்ணோக்கி தவறவிடும் இவர்களைப் பிடிக்கத்தான் நானோ துகள்கள் தேவைப்படுகின்றன.

அளவைப் பற்றி ஒரு வார்த்தை. காசநோய்க் கிருமியின் நீளம் சுமார் 3 மைக்ரோமீட்டர். நோய் கண்டறியும் சோதனைப் பட்டைகளில் பயன்படும் தங்கத் துகளின் குறுக்களவு சுமார் 40 நானோமீட்டர். கிருமி ஒரு ரயில் பெட்டி நீளம் என்றால், தங்கத் துகள் மட்டை உரிக்காத தேங்காய் அளவு இருக்கும். ஒரு பெட்டியின் மேல் எத்தனை தேங்காயை ஒட்டவைக்கலாம் என்று யோசித்துப் பாருங்கள். துகளின் பலம் அதில்தான் இருக்கிறது.

தங்கத்தை இந்த அளவுக்குச் சிறிதாக்கினால் அது மஞ்சளாக இருப்பதில்லை. மைக்கேல் ஃபாரடே 1857-இலேயே லண்டனில் மாணிக்கச் சிவப்பான தங்கக் கரைசல்களைத் தயாரித்து, நிறத்துக்குக் காரணம் மிக நுண்ணிய தங்கத் துகள்களே என்று சொல்லிவிட்டார். 1951-இல் டர்கெவிச் என்ற வேதியியலர் விளக்கிய முறையைக் கல்லூரி ஆய்வகத்தில்கூடச் செய்து பார்க்கலாம். குளோரோஆரிக் அமிலம் என்ற தங்க உப்பின் வெளிர்மஞ்சள் கரைசலைக் கொதிக்கவிட்டு, கலக்கிக்கொண்டே சோடியம் சிட்ரேட் சேர்க்க வேண்டும். மஞ்சள் மறைந்து கரைசல் நிறமற்றுப் போகும். சிறிது நேரத்தில் சாம்பல் நிறம், பிறகு கருநீலம், பிறகு ஊதா, கடைசியில் திராட்சை மதுவின் சிவப்பு. சில நிமிடங்களுக்குள் கண்முன்னே நடக்கும் மாற்றம் இது. துகளின் மேற்பரப்பில் உள்ள எலெக்ட்ரான்கள் ஒளியோடு சேர்ந்து அதிரும்போது பச்சை ஒளியை விழுங்கிவிடுகின்றன, அதனால் நமக்குச் சிவப்பு தெரிகிறது. துகள்கள் ஒன்றோடொன்று நெருங்கினால் அந்த அதிர்வு மாறி நிறம் நீலமாகிவிடும்.

துகள்களின் நெருக்கத்தைக் கண்ணால் பார்க்க வழி கிடைத்துவிட்டது. 1996-இல் அமெரிக்காவில் சாட் மிர்கின் குழு, தங்கத் துகள்களின் மேல் சிறு டி.என்.ஏ. இழைகளைக் கட்டி, பொருத்தமான இழையைக் கண்டால் நிறம் மாறும்படி செய்தது. 2006-இல் போர்ச்சுகலில் பெட்ரோ பாப்டிஸ்டா குழு இதைச் சற்று மாற்றிக் காசநோய்க்குக் கொண்டுவந்தது. அவர்கள் துகளில் கட்டிய இழை காசநோய்க் கிருமியின் மரபணுத் துண்டோடு மட்டும் பொருந்தும். நோயாளியின் மாதிரியிலிருந்து எடுத்த டி.என்.ஏ.வோடு துகள்களைக் கலந்து உப்பு சேர்ப்பார்கள். உப்பு துகள்களை ஒன்றுசேரத் தூண்டும். கிருமியின் டி.என்.ஏ. இருந்தால் அது துகளின் இழையோடு பிணைந்து காவலாக நிற்கும், துகள்கள் சேராமல் கரைசல் சிவப்பாகவே இருக்கும். இல்லையென்றால் நீலமாகிவிடும். விடையைப் படிக்கக் கண் போதும். ஆனால் அந்த நிலைக்கு வருமுன் சளியிலிருந்து டி.என்.ஏ.வைப் பிரித்தெடுக்க வேண்டும், பல நேரம் பெருக்கவும் வேண்டும். மின்சாரம் நின்று நின்று வரும் கிராமத்து லேப்பில் அந்த முன்வேலைதான் பெரிய சுமை. இப்படிப்பட்ட அழகான சோதனைகள் பல ஆய்விதழோடு நின்றுபோனதற்கு இது முக்கியக் காரணம் என்று நினைக்கிறேன்.

முன்வேலையே இல்லாத ஒரு வழி சிறுநீரில் இருந்தது. காசநோய்க் கிருமியின் தோலில் லிப்போஅராபினோமானன் என்ற சர்க்கரைக் கொழுப்பு இருக்கிறது. கிருமி சிதையும்போது அது ரத்தத்தில் கலந்து, சிறுநீரகம் வழியாக வெளியேறும். அதைப் பிடிக்கும் ஆன்டிபாடியைத் தங்கத் துகளில் ஏற்றி ஒரு காகிதப் பட்டையில் வைத்தார்கள். 60 மைக்ரோலிட்டர், அதாவது ஒரு துளி அளவு சிறுநீர் விட்டு 25 நிமிடம் காத்திருந்தால் கோடு தெரியும். அந்தக் கோடு லட்சக்கணக்கான தங்கத் துகள்கள் ஓரிடத்தில் கூடி நிற்பதுதான். எச்.ஐ.வி. உள்ளவர்களிடம் இதைப் பயன்படுத்த உலக சுகாதார நிறுவனம் 2015-இல் வழிகாட்டுதல் வெளியிட்டது. காசநோயில் நானோ தொழில்நுட்பம் எப்போது வரும் என்று கேட்பவர்களுக்கு என் பதில் இதுதான்: பெயர் சொல்லிக்கொள்ளாமல் ஏற்கெனவே வந்துவிட்டது.

பட்டையின் குறை, கோடு பல சமயம் மிக மங்கலாக இருப்பது. அதைச் சரிசெய்ய வழி புகைப்படத் தொழிலிலிருந்து வந்தது. ஃபியூஜிஃபிலிம் நிறுவனம் பிலிம் கழுவும் வேதியியலை எடுத்து, தங்கத் துகளின் மேல் வெள்ளியைப் படியவைத்தது. வெள்ளி படியப் படியத் துகள் பல மடங்கு பெரிதாகி, கண்ணுக்கு எட்டாத கோடு கருமையாகத் தெரிகிறது. பழைய பட்டை பிடிக்கும் அளவில் சுமார் முப்பதில் ஒரு பங்கு இருந்தாலே இது பிடித்துவிடும். தென்னாப்பிரிக்காவில் எச்.ஐ.வி.யோடு மருத்துவமனையில் சேர்ந்தவர்களின் சிறுநீரில் இரண்டையும் ஒப்பிட்டு 2019-இல் முடிவு வெளியானது. காசநோய் உள்ள நூறு பேரில் பழைய பட்டை 42 பேரைப் பிடித்தது, புதியது 70 பேரை. சளி துப்பக்கூட முடியாமல் படுத்திருப்பவர்களில் கூடுதலாக 28 பேர்! பிறகு, ஒரு தொகுதியில் தயாரான கருவிக்கும் அடுத்த தொகுதியில் தயாரானதற்கும் முடிவு வேறுபடுவது தெரியவந்து வேகம் தடைப்பட்டது. நானோ துகளை ஆய்வகத்தில் ஒருமுறை செய்வது ஒரு வேலை, லட்சம் முறை ஒரே மாதிரி செய்வது வேறு வேலை.

நுண்ணோக்கியை ஒதுக்காமல் அதற்குக் கைகொடுக்கும் முயற்சியும் உண்டு. மிச்சிகன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் எவாஞ்சலின் அலோசில்யா குழு, இரும்பு ஆக்சைடு நானோ துகள்களுக்குச் சர்க்கரை மூலக்கூறுப் பூச்சு கொடுத்தது. அந்தப் பூச்சு கிருமியின் தோலில் ஒட்டிக்கொள்ளும். சளியில் துகள்களைக் கலந்து, குழாயின் பக்கத்தில் ஒரு காந்தத்தை வைத்தால் துகளோடு கிருமியும் ஒரு பக்கம் ஒதுங்கிவிடும். மீதியைக் கொட்டிவிட்டு, ஒதுங்கியதை மட்டும் சில்லில் தடவி வழக்கம்போலச் சாயமேற்றலாம். நேபாளத்தில் நோயாளிகளின் சளியில் இதைச் சோதித்தார்கள். புது மின்கருவி எதுவும் வேண்டாம், இருக்கும் டெக்னீஷியனே செய்யலாம். எனக்கு மிகவும் பிடித்த அணுகுமுறை இது.

நியாயமாக ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். கடந்த பதினைந்து ஆண்டுகளில் காசநோய் கண்டறிதலைத் தலைகீழாக மாற்றியவை மரபணுச் சோதனைக் கருவிகள்தான். 2010-இல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்த ஜீன்எக்ஸ்பெர்ட், இரண்டு மணி நேரத்துக்குள் கிருமி இருக்கிறதா, ரிஃபாம்பிசின் என்ற முக்கிய மருந்துக்கு அடங்குமா என்ற இரண்டு கேள்விக்கும் விடை சொல்கிறது. இந்தியாவில் உருவான ட்ரூநாட், பேட்டரியில் ஓடும் கருவி, 2020-இல் பரிந்துரை பெற்றது. நானோ சோதனைகள் இவற்றோடு போட்டி போடத் தேவையில்லை. கருவி எட்டாத ஊருக்கும், சளி தர முடியாத நோயாளிக்கும் போனால் போதும்.

சிகிச்சைக்கு வருவோம். இங்கே கதை சென்னையிலிருந்து தொடங்க வேண்டும்.

1956-இல் சேத்துப்பட்டில் காசநோய் வேதிச்சிகிச்சை மையம் தொடங்கியது. பிற்காலத்தில் தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக வளர்ந்தது அதுதான். வாலஸ் ஃபாக்ஸ் தலைமையில் அங்கே ஒரு துணிச்சலான ஆய்வு நடந்தது. நகரின் ஏழைக் குடும்பங்களைச் சேர்ந்த 193 நோயாளிகளில் ஒரு பகுதியினரைச் சானடோரியத்தில் வைத்து, நல்ல உணவும் ஓய்வும் கொடுத்து ஒரு வருடம் சிகிச்சை அளித்தார்கள். மற்றவர்களுக்கு அதே மருந்து, ஆனால் நெரிசலான சொந்த வீட்டிலேயே, குறைந்த உணவோடு. 1959-இல் வெளியான முடிவு, வீட்டில் இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவு தேறினார்கள் என்றது. உலகம் முழுவதும் சானடோரியங்களின் காலம் முடிந்ததில் இந்த ஆய்வுக்குப் பெரிய பங்கு உண்டு.

இந்த அத்தியாயத்துக்கு இன்னும் நெருக்கமானது அந்த மையம் அடுத்துக் கேட்ட கேள்வி. தினமும் மருந்து தேவைதானா? ஸ்ட்ரெப்டோமைசினும் ஐசோனியசிடும் வாரம் இரண்டு முறை கண்முன்னால் கொடுத்து, தினசரி மாத்திரையோடு ஒப்பிட்டு 1964-இல் முடிவை வெளியிட்டார்கள். இடைவெளி விட்டும் குணமாக்கலாம் என்று தெரிந்தது. பல நாடுகளின் காசநோய்த் திட்டங்கள் அதன்மேல் எழுந்தன. இந்தியாவும் நெடுங்காலம் வாரம் மூன்று முறை முறையைப் பின்பற்றிவிட்டு, நோய் திரும்புவதும் மருந்தெதிர்ப்பும் குறையவேண்டும் என்பதற்காகத் தினசரி முறைக்கு மாறியது. வெறும் மாத்திரை சில மணி நேரத்தில் ரத்தத்திலிருந்து வடிந்துவிடும் என்பதால், இடைவெளி கிருமிக்கு மூச்சுவிடும் நேரமாகிவிடுகிறது. இடைவெளி நோயாளிக்கு மட்டும் கிடைத்து, கிருமிக்குக் கிடைக்காமல் இருக்க வேண்டுமென்றால் மருந்து உடலுக்குள்ளேயே தங்கி மெதுவாகக் கசிய வேண்டும்.

சண்டிகர் முதுநிலை மருத்துவக் கல்வி ஆராய்ச்சி நிலையத்தில் ஜி.கே. குல்லர், ராஜேஷ் பாண்டே குழுவினர் இதைத்தான் செய்து பார்த்தார்கள். அறுவை சிகிச்சையில் தானே கரையும் தையல் நூலாகப் பயன்படும் பாலிமர் ஒன்றை எடுத்து, அதற்குள் ரிஃபாம்பிசின், ஐசோனியசிட், பைரசினமைடு ஆகியவற்றை அடைத்து, 200 முதல் 300 நானோமீட்டர் வரையான துகள்களாக்கினார்கள். 2003-இல் வெளியான அவர்களது ஆய்வில், காசநோய் தொற்றிய கினிப் பன்றிகள் அந்தத் துகள்களை நெபுலைசர் புகையாகச் சுவாசித்தன, பத்து நாளைக்கு ஒருமுறை, மொத்தம் ஐந்து தடவை. நுரையீரலில் தேடியபோது கிருமி தென்படவில்லை. சாதாரண மருந்தில் அதே பலன் கிடைக்க 46 நாள் தினமும் வாய்வழி கொடுக்க வேண்டியிருந்தது. தென்னாப்பிரிக்காவில் ஹுல்டா ஸ்வாய் என்ற தான்சானிய விஞ்ஞானியும் வாரம் ஒருமுறை மருந்து என்ற இலக்கோடு இதே திசையில் உழைத்தார்.

துகள் ஏன் இவ்வளவு நன்றாக வேலை செய்கிறது? நுரையீரலின் காற்றறைகளில் பெருவிழுங்கி செல்கள் காவல் நிற்கின்றன. உள்ளே வரும் தூசியையும் கிருமியையும் விழுங்கி, தமக்குள் இருக்கும் அமிலப் பையில் போட்டுச் செரிப்பது அவற்றின் வேலை. காசநோய்க் கிருமி விழுங்கப்படும், ஆனால் தான் இருக்கும் பை அந்த அமிலப் பையோடு சேராதபடி தடுத்து, காவலாளியின் வயிற்றிலேயே குடியிருக்கும். மாத்திரையாக வரும் மருந்து உடல் முழுவதும் பரவி, அதில் ஒரு சிறு பங்குதான் அந்தச் செல்லுக்குள் நுழைகிறது. மீதி கல்லீரலை வருத்துகிறது, சிறுநீரை ஆரஞ்சு நிறமாக்குகிறது. நானோ துகளையோ பெருவிழுங்கி தானாகவே விழுங்குகிறது. கிருமி நுழைந்த அதே வாசல் வழியாக மருந்தும் நுழைகிறது.

எல்லாக் கிருமியும் அங்கே இருப்பதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். நோய் முற்றிய நுரையீரலில் பாலாடைக்கட்டி போன்ற இறந்த திசு நடுவில் இருக்கும் கட்டிகள் உருவாகின்றன. அந்த நடுப்பகுதிக்கு ரத்தக் குழாய் கிடையாது, துகளைச் சுமந்து செல்ல உயிருள்ள செல்லும் இல்லை. எலிகளில் பொதுவாக நடக்கும் சோதனைகளில் இப்படிப்பட்ட கட்டிகள் சரியாக உருவாவதே இல்லை. எலியில் வென்றது மனிதனில் வெல்லும் என்று எளிதில் நம்பிவிட முடியாததற்கு இது ஒரு காரணம்.

மற்றொரு காரணம் எடை. 60 கிலோ எடையுள்ள ஒருவருக்கு ஒரு நாளைக்கு ரிஃபாம்பிசின் 600 மில்லி கிராம், ஐசோனியசிட் 300, பைரசினமைடு 1,500 என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 2.4 கிராம். பத்து நாள் தேவையை அப்படியே கூட்டினால் 24 கிராம் மருந்து, அதற்குமேல் பாலிமரின் எடை. துகள் மருந்தை வீணாக்காமல் சேர்ப்பதால் அவ்வளவு வேண்டியதில்லை என்பது விலங்குகளில் தெரிந்த நம்பிக்கை. அதை மனிதனில் நிரூபித்தாக வேண்டும். கூடவே, ஒரு மருந்து ஐந்தாம் நாளே தீர்ந்து இன்னொன்று பத்தாம் நாள்வரை கசிந்தால், இடையில் கிருமி ஒற்றை மருந்தைச் சந்திக்கும். மருந்தெதிர்ப்பு வளர அதைவிட நல்ல சூழல் வேறில்லை. ஸ்ட்ரெப்டோமைசினைத் தனியாகக் கொடுத்த 1940-களிலேயே உலகம் கற்ற பாடம் அது.

ஆனாலும் விலங்குச் சோதனையோடு நின்ற இந்த இருபது ஆண்டுத் தேக்கத்துக்கு அறிவியல் மட்டும் காரணம் என்று என்னால் ஏற்க முடியவில்லை. மேலே சொன்ன மருந்துகள் காப்புரிமை முடிந்தவை, மலிவானவை. அவற்றை உட்கொள்பவர்கள் ஏழைகள். நானோ துகளாக்கிப் பெரிய அளவில் தயாரித்து, மனிதச் சோதனை நடத்தச் செலவு அதிகம், லாபம் குறைவு. எதிர்ப்பக்கத்தில் பாருங்கள். காசநோய்க் கிருமியின் நெருங்கிய உறவான மைக்கோபாக்டீரியம் ஏவியம் வகை நுரையீரல் தொற்றுக்கு, அமிக்காசினை நானோ அளவிலான கொழுப்புக் குமிழிகளில் அடைத்துச் சுவாசிக்கத் தரும் மருந்து 2018-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றுவிட்டது. பெருவிழுங்கிக்குள் மருந்தைச் சேர்க்கும் அதே உத்தி, மனிதர்களிடம் வேலை செய்கிறது. அதன் விலை நம் நாட்டுக் காசநோய்த் திட்டம் நினைத்தே பார்க்க முடியாதது.

நம்பிக்கை இப்போது வேறொரு பக்கத்திலிருந்து வருகிறது. எச்.ஐ.வி.க்கு, கபோடெக்ராவிர் என்ற மருந்தை நானோ படிகங்களாக அரைத்து ஊசியாகப் போட்டால் இரண்டு மாதம் தாக்குப்பிடிக்கிறது. அந்த உத்தியைக் காசநோய்த் தடுப்புக்குக் கொண்டுவர முடியுமா என்று லிவர்பூல் பல்கலைக்கழகத்தில் ஆண்ட்ரூ ஓவன் குழுவும், பெடாகுலின் என்ற காசநோய் மருந்தின் ஊசியை வைத்து எலிகளில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வாளர்களும் பார்த்துவருகிறார்கள். தடுப்பைத் தேர்ந்தெடுத்தது புத்திசாலித்தனம். நோய் முற்றியவரின் உடலில் கோடிக்கணக்கான கிருமிகள், அவருக்குப் பல மருந்து ஒன்றாக வேண்டும். அவர் வீட்டில் இருப்பவர்களின் உடலில் உறங்கும் கிருமியோ மிகக் குறைவு, ஓரிரு மருந்து போதும். இப்போது அவர்கள் தினமும் ஆறு மாதம் ஐசோனியசிடோ, வாரம் ஒருமுறை பன்னிரண்டு வாரம் ஐசோனியசிடும் ரிஃபாபென்டினும் சேர்ந்தோ சாப்பிட வேண்டும். உடம்பில் எந்தத் தொந்தரவும் இல்லாத ஒருவரை இத்தனை மாத்திரை விழுங்கவைப்பது நோயாளியைச் சம்மதிக்கவைப்பதைவிடக் கடினம். ஊசி ஒன்றோ இரண்டோ என்றால், வீட்டுக்கு வரும் சுகாதாரப் பணியாளர் அன்றே முடித்துவிட்டுப் போகலாம்.

ஊசியிலும் ஒரு சங்கடம் உண்டு. மாத்திரை கல்லீரலைத் தொந்தரவு செய்தால் நிறுத்திவிடலாம். தசையில் போட்ட மருந்தைத் திரும்ப எடுக்க முடியாது. அதனால் முதலில் சில வாரம் மாத்திரை கொடுத்து, ஒத்துக்கொள்கிறதா என்று பார்த்துவிட்டு ஊசிக்குப் போகும் முறையை எச்.ஐ.வி. மருத்துவம் கடைப்பிடித்தது. காசநோயிலும் அதுவே வரக்கூடும்.

ஐசோனியசிட் இதில் தனிப் பிரச்சினை. நானோ படிகம் தசையில் நீடித்துக் கிடக்க, மருந்து நீரில் எளிதில் கரையாததாக இருக்க வேண்டும். பெடாகுலின் அப்படிப்பட்டது, ரிஃபாபென்டினும் ஓரளவுக்கு அப்படித்தான். ஐசோனியசிட் தண்ணீரில் உடனே கரைந்துவிடும். ஆகவே வேதியியலர்கள் அதன் மூலக்கூறில் கொழுப்பு வால் ஒன்றை ஒட்டவைத்து, கரையாததாக்கி, உடலுக்குள் போன பிறகு நொதிகள் அந்த வாலை வெட்டிப் பழைய ஐசோனியசிடை விடுவிக்கும்படி வடிவமைக்கப் பார்க்கிறார்கள். வால் சிறிதாக இருந்தால் மருந்து அவசரமாகக் கரைகிறது. நீண்டுவிட்டால் போதுமான அளவு வெளியே வருவதில்லை. எத்தனை கார்பன் நீளம் சரியானது என்பதில்தான் இன்று வேலை நடக்கிறது.